துயிலும் காவலர்: நீதியரசர் வீரமந்திரியின் நூலொன்று பற்றிய மதிப்பீடு

சட்டநூல்களை மதிப்பிடுதற்குச் சட்டம் பயின்றோரே உரியர் என்பது பொதுவாக நிலவும் எண்ணமாகும். இக்கட்டுரையை எழுதுவோன் அப்பயிற்சி உடையவனல்லன். வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்று, வினாயகபுரத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் கற்பித்து வருபவன். எனினும் வழக்கறிஞர்க்கென்றே எழுதப்படாத சட்டநூல்களும் உள. நாட்டுமக்கள் அனைவரையும் நோக்கி எச்சரிக்கை விடுக்கும் அத்தகைய நூலொன்றைப் பொதுவாசகன் ஒருவன் படித்து, அது தன் வாழ்வோடு எவ்வாறு பொருந்துகின்றது, எவ்விடத்துப் பொருந்தாது நிற்கின்றது என ஆராய்வது அத்துமீறலாகாது. நீதியரசர் கிறிஸ்தோபர் கிறகறி வீரமந்திரி 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட 'துயிலும் காவலர்' என்னும் பொருள்பட்ட தலைப்பினையுடைய ஆங்கில நூல் அவ்வகையினது.

வீரமந்திரி 1926ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்தவர். 1967 முதல் 1972 வரை இந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக விளங்கினார். அதன்பின் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திற் சட்டப் பேராசிரியராகி, 1991 முதல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாக விளங்கி, 1997 முதல் 2000 வரை அதன் உபதலைவராகவும் இருந்தார். 2017 சனவரியில் மறைந்தார். அணுவாயுதம் பற்றிய 1996ஆம் ஆண்டு ஆலோசனைக் கருத்தில் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பே உலகம் பெரிதும் அறிந்தது. 'துயிலும் காவலர்' அத்துணைப் புகழ் பெற்றதன்று. ஆயினும் கணனியும் தரவுக் களஞ்சியமும் மனிதனின் தனியுரிமைக்கு விளைக்கும் கேட்டினைப் பொதுமக்கள் படிக்கத்தக்க நடையில் நம்மவர் ஒருவர் அத்துணை முன்னதாக எடுத்துரைத்தமை சிறிய செய்தியன்று.

நூலின் வாதம் எளியது. மனித உரிமைகளுக்குச் சட்டமே காவல். காவலர் எனப்படுவோர் சட்டமியற்றுவோர், நீதிபதிகள், வழக்கறிஞர், சட்டக் கல்லூரி ஆசிரியர் ஆகியோர். தொழில்நுட்பமோ நாளுக்கு நாள் புதிய வலிமை பெற்றுக் கோட்டைச் சுவரை அரித்து வருகின்றது. கணனியில் ஒருவனைப் பற்றிய செய்திகளெல்லாம் ஓரிடத்தில் திரள்கின்றன; ஒட்டுக்கேட்கும் கருவிகள் சுவரைத் துளைக்கின்றன; மரபணுவையும் மனித உடலையும் கையாளும் ஆற்றல் மருத்துவர் கைக்கு வருகின்றது. காவலரோ பழைய வழக்குத் தீர்ப்புக்களைத் தலையணையாக வைத்து உறங்குகின்றனர். அவர்களை எழுப்புதலே நூலின் நோக்கம்.

இதன்கண் மிகையில்லை என்பதற்குத் தனியுரிமை என்னும் கோட்பாட்டின் வரலாறே சான்று. 1890ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்களான சாமுவேல் வாரன், லூயிஸ் பிரண்டைஸ் என்னும் இருவர் ஹாவாட் சட்ட ஏட்டில் எழுதிய கட்டுரையே இவ்வுரிமைக்கு முதன்முதல் தெளிவான வடிவம் கொடுத்தது. அவர்களை எழுதத் தூண்டியவை கணப்பொழுதிற் படமெடுக்கும் ஒளிப்படக் கருவியும், பிறர் வீட்டுச் செய்திகளை விற்றுப் பிழைத்த செய்தித்தாள்களுமாம். கருவி முன்னே வந்தது. உரிமை பின்னே பெயர் பெற்றது. நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய ரோமன் டச்சுச் சட்டத்தில் ஒருவனின் மாண்புக்கு இழைக்கப்படும் ஊறுக்குப் பரிகாரம் கேட்கும் வழக்குமுறை பண்டே உண்டு. ஆனால் அது கண்ணாற் காணத்தக்க ஓர் அவமதிப்பை, இன்னான் செய்தான் என்று சுட்டத்தக்க ஒரு செயலை எதிர்பார்ப்பது. ஒருவன் அறியாமலே அவனைப் பற்றிய பத்துச் செய்திகள் பத்து அலுவலகங்களிலிருந்து ஒன்றுகூடும்போது, அவமதித்தவன் யாவன்? வழக்கு எந்நாளிற் பிறந்தது? ஒப்பந்தச் சட்டம் பற்றி விரிவான நூல் எழுதிய வீரமந்திரி, பழைய கருவி எவ்விடத்தில் மழுங்கும் என்பதை அறிந்து எழுதியிருக்கின்றார். அறிவியல் கற்றறியாத வழக்கறிஞன் வருங்காலத்திற் பயன்படான் என்று அவர் கூறுவது இதனாலேயே.

நூலின் மற்றொரு சிறப்பு, தனியுரிமையைத் தனித்து நிற்கும் ஒரு செல்வர் உரிமையாக அவர் காணாமையாம். வறிய நாட்டில் சோறும் வேலையும் இல்லாதவனுக்குத் தனியுரிமை எதற்கு என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். தொழில்நுட்பத்தைத் தாமே ஆக்காது பிறரிடமிருந்து பெறும் நாடுகள், அதனைக் கட்டுப்படுத்தும் சட்டமின்றியே பெறுகின்றன என்பதை அவர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். பின்னர் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்திற்காக அவர் பதிப்பித்து 1990இலும் 1993இலும் வெளிவந்த இரு தொகுதிகளும் இக்கேள்வியினின்று கிளைத்தவையே.

இனிக் குறை காண்போம். குறை நூலின் தலைப்பிலேயே தொடங்குகின்றது. காவலர் என்ற உருவகம் பகைவன் கோட்டைக்கு வெளியே நிற்கின்றான் என்று கொள்கின்றது. தொழில்நுட்பம் வெளியிலிருந்து வரும் படை. சட்டம் உள்ளிருக்கும் காவல். இப்பிரிவு நம் அனுபவத்தோடு பொருந்துமா?

நூல் வெளிவந்த அதே 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கொழும்பிலே தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி எரித்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பின் பிரதிகள் இருந்தன என்பது பலராலும் பதிவு செய்யப்பட்ட செய்தி. எந்தத் தெருவில் எந்த இலக்க வீட்டில் எப்பெயருடையோர் வாழ்கின்றனர் என்பதை அவ்விடாப்பு சொல்லிற்று. அங்கே கணனி இல்லை. ஒட்டுக்கேட்கும் கருவி இல்லை. வெறுந் தாளும் மையுமே. அவ்விடாப்பு கள்ளத்தனமாகத் தொகுக்கப்பட்டதுமன்று. வாக்குரிமை என்னும் உயர்ந்த உரிமையைக் காக்கும்பொருட்டுச் சட்டப்படி, கிராமந்தோறும் வீடுதோறும் சென்று, நாமே மனமுவந்து கூறிய விபரங்களைக்கொண்டு ஆக்கப்பட்டது. அச்சேறி முடிந்த நூலில் பின்னர் நிகழ்ந்ததை எதிர்பார்த்தல் நியாயமாகாது. அக்குற்றத்தை ஆசிரியர்மேற் சுமத்தவில்லை. நாம் கூறுவது, அவருடைய உருவகம் இந்நிகழ்ச்சியை ஏந்திக்கொள்ள மாட்டாது என்பதே. ஈண்டுக் காவலர் துயின்றார் என்பதுடன் செய்தி முடியவில்லை. காவற்கூடத்துச் சாவியே கள்வன் கையில் இருந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையுமன்று. ரோமன் டச்சுச் சட்டத்தின் தாயகமாகிய நெதர்லாந்திலே, நாசிகள் ஆண்ட காலத்தில், மிகச் செம்மையாகப் பேணப்பட்ட மக்கட் பதிவேடுகள் யூதரைத் தேடிப் பிடிக்கப் பயன்பட்டன. 1943ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொண்டியஸ் முதலானோர் அம்ஸ்ரடாம் நகரப் பதிவகத்துள் புகுந்து பதிவட்டைகளுக்குத் தீயிட்டனர். அக்குழுவினரிற் பன்னிருவர் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். மதம் எது என்று கேட்கும் ஒரு கட்டத்தை நிரப்பிய எழுத்தன் எவனும் தான் தீங்கு செய்வதாக எண்ணியிரான்.

அப்படியாயின் தொழில்நுட்பத்தின்மேல் வீரமந்திரி சுமத்திய பழி வீண்பழியோ? அன்று. தாளிலுள்ள இடாப்பைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். புரட்ட நேரம் வேண்டும். பக்கத்து ஊர் இடாப்பு வேறோர் அலுவலகத்தில் இருக்கும். இச்சிறு தடைகளே எத்தனையோ பேரைக் காத்தன. கணனி அத்தடைகளை அகற்றிவிடுகின்றது. அதே 1983ஆம் ஆண்டு திசெம்பர் 15ஆம் நாள், மேற்கு யேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் குடிசன மதிப்பு வழக்கில் அளித்த தீர்ப்பு இதனை நுட்பமாக எடுத்துக்காட்டியது. தன்னைப் பற்றிய செய்திகள் யாரிடம், எதற்காகச் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவரவர்க்கே உண்டு என்றும், தானியங்கு முறையிலே தரவுகள் இணைக்கப்படும் காலத்தில் அற்பமான தரவு என்று ஒன்று இல்லை என்றும் அந்நீதிமன்றம் கொண்டது. வீரமந்திரியின் அச்சத்திற்கும் நம் யூலை அனுபவத்திற்கும் இடையே பாலமாக நிற்பது இத்தீர்ப்பே. கருவி எது என்பதைக் காட்டிலும், எந்த நோக்கத்துக்காகப் பெற்ற செய்தி எந்த நோக்கத்துக்குச் செல்கின்றது என்பதே கேள்வி.

அற்பமான தரவு இல்லை என்னும் இக்கருத்து தமிழ் படித்தோர்க்குப் புதியதன்று. அகத்திணை ஐந்தினுள் தலைமக்களைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. காதலர் உள்ளத்து நிகழ்ச்சியை ஊரார் அனைவரும் பாடலாம். ஆனால் அது இன்னாருடையது என்று தெரிதலாகாது. நெடுநல்வாடை முழுதும் அகப்பொருள் போலவே நடந்தும், வேலிலே வேப்பிலை கட்டியிருந்தது என்ற ஒரு குறிப்பினாலே அதனைப் புறம் என்று கொண்டார் உரையாசிரியர். வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப்பூ. பெயர் சொல்லப்படவில்லை, ஊர் சொல்லப்படவில்லை, ஓர் இலை ஆளைக் காட்டிக்கொடுத்தது. பெயரை நீக்கிவிட்டோம், ஆதலால் தீங்கில்லை என்று இக்காலத் தரவு வணிகர் கூறும் சமாதானத்தை நச்சினார்க்கினியரிடம் கூறியிருந்தால் அவர் நகைத்திருப்பார்.

நம் சட்டைப்பையிலேயே அத்தகைய வேப்பிலை ஒன்று உண்டு. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ், 1972 முதல் வழங்கப்பட்டு வரும் தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தை எடுத்துக்கொள்க. முதலிரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அவ்வாண்டில் அவர் பிறந்தது எத்தனையாம் நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். 75541 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்டவன், இவள் 1975 பெப்ரவரி 10இற் பிறந்த பெண் என்று ஒரு நொடியிற் கூறிவிடுவான். 2016இல் வந்த பன்னிரண்டு எண்களையுடைய இலக்கமும் இவ்வழியையே பின்பற்றியது. ஆண்டுக்கு இரண்டு எண்களுக்குப் பதில் நான்கு, அவ்வளவே. கடையிலும், வங்கியிலும், காவலரணிலும் இவ்விலக்கத்தை எத்தனை கொப்பிகளில் எழுதிவைத்தோம் என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஆட்பதிவுச் சட்டம் நிறைவேறிய காலத்தில் வீரமந்திரி உயர் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தார் என்பது நினைக்கத்தக்கது.

இக்கரையோர மக்களுக்குப் பட்டியல் பற்றி இருவகை அச்சம் உண்டு. நூலில் ஒருவகையே பேசப்படுகின்றது எனத் தோன்றுகின்றது. பட்டியலில் இருப்பதனால் வரும் கேடு ஒன்று; இல்லாமையால் வரும் கேடு மற்றொன்று. போர்க்காலத்தில் வீட்டிலுள்ளோர் பெயரைப் பதிந்து கொடுத்த தாள் முதல்வகை. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வீடும் ஆவணமும் ஒருங்கே கொண்டுபோனபின், கிராம உத்தியோகத்தரின் நிவாரணப் பட்டியலிற் பெயர் காணாது அலைந்தது இரண்டாம்வகை. இன்னும் பின்சென்றால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத்துத் தமிழரிடம் தந்தை, பாட்டன் பிறந்த சான்றினைக் கேட்டபோது, அது இல்லாமையாலேயே இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். எனவே, அரசே, எம்மைப் பதியாதே என்று நாம் கூறமுடியாது. பதிவும் வேண்டும், பதிவுக்குப் பூட்டும் வேண்டும், பூட்டின் சாவி பதிவோனிடமே இருத்தலும் ஆகாது. வீரமந்திரியின் நூலில் இம்மூன்றாவதே மெலிந்து நிற்கின்றது. அவர் சட்டத்துறையோரின் நல்லறிவை மிகவும் நம்புகின்றார். கல்வியும் அறநெறிக் கோவையும் சர்வதேச உடன்படிக்கையும் சேர்ந்தால் காவலர் விழிப்பர் என்பது அவர் துணிபு.

காவலர் விழித்ததும் உண்டு. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத்துணை விரைவு பாராட்டத்தக்கதே. ஆயினும் பேருந்துகள் முதல்நாளே புறப்பட்டுவிட்டன.

சட்டப் புத்தகத்தைப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் தனியுரிமை வெளிப்படையாக இடம்பெறவில்லை. 2015இல் பத்தொன்பதாந் திருத்தம் தகவலறியும் உரிமையைச் சேர்த்தபோது, அவ்வுரிமைக்கு எல்லையிடும் காரணங்களுள் ஒன்றாகத் தனியுரிமை தலைகாட்டிற்று. பிறர் உரிமைக்கு வேலியாக நிற்கத் தகுதி பெற்ற அது, தானே உரிமையாக நிற்கும் தகுதியை இன்னும் பெறவில்லை. இந்தியாவில் நிலைமை வேறு. ஆதார் அட்டையை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஓகத்து 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தனியுரிமை அடிப்படை உரிமையே என்றனர். ஆனால் மறு ஆண்டில், அதே ஆதார்த் திட்டம் சில கட்டுப்பாடுகளோடு செல்லும் என்று நால்வர் கொள்ள, நீதிபதி சந்திரசூட் ஒருவரே முற்றாக மாறுபட்டார். உரிமைக்குப் பெயர் சூட்டுதல் எளிது. அரசின் திட்டத்தோடு அது மோதும் நாளிலேதான் அதன் எடை தெரியவரும்.

நம் பாராளுமன்றம் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை, அவ்வாண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக, நிறைவேற்றியது. ஒருவரை நேராகவோ மறைமுகமாகவோ இனங்காட்டும் தரவு அனைத்தையும் அது தழுவுகின்றது. வேப்பிலையையும் சேர்த்தே எனலாம். அரச நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. மீறுவோர்க்கு ஒரு கோடி ரூபாவரை தண்டப்பணம் விதிக்கவும் இடமுண்டு. இவையெல்லாம் நன்று. எனினும் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றின் பெயராற் சட்டமூலம் விலக்களிக்க வாயில் விடப்பட்டிருக்கின்றது. நம் வரலாற்றிலே பட்டியல்கள் தீங்கு செய்தது பெரும்பாலும் அவ்வாயில் வழியாகவே. மேலும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. முகம், விரல்ரேகை, கண்மணி ஆகியவற்றைப் பதியும் எண்மிய அடையாள அட்டைத் திட்டமோ இந்தியாவின் நன்கொடை உதவியோடு முன்னே செல்கின்றது. கருவி முன்னே, சட்டம் பின்னே என்று 1983இல் வீரமந்திரி கூறியதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டை அவரே தேடியிருப்பினும் கண்டிரார்.

தனியுரிமை என்பது மேல்நாட்டுச் சரக்கு என்னும் வாதத்தையும் ஈண்டு எடுத்துக்கொள்ளல் வேண்டும். இதற்கு விடை வீரமந்திரியிடமே உண்டு. ஆனால் அவ்விடை வேறொரு தீர்ப்பிற் கிடக்கின்றது. 1997இல் ஹங்கேரிக்கும் சிலோவாக்கியாவுக்கும் இடையே தான்யூப் நதியின் அணைபற்றி எழுந்த வழக்கில், அவர் எழுதிய தனிக்கருத்து இலங்கையின் பழைய குளங்களையும் நீர்ப்பாசன மரபையும் சான்றாக எடுத்து, சுற்றாடலைப் பேணும் நெறி மனித குலத்தின் பொதுச் சொத்து என்று நிறுவுகின்றது. உலக நீதிமன்றத்தில் நம் குளக்கட்டுக்கள் சாட்சி கூறிய நாள் அது! அம்முறையைத் தனியுரிமைக்கும் பிரயோகித்தால் எத்துணை வளம் கிடைக்கும்? அகத்திணை விதியை முன்னர்க் குறித்தோம். எம் அயலூர்களாகிய அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் வாழும் முஸ்லிம் நண்பர்களைக் கேட்டால், பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று ஸலாம் சொல்லியே புகவேண்டும் என்பதும், பிறர் குறையைத் துருவி ஆராய்தல் ஆகாது என்பதும் திருக்குர்ஆனின் கட்டளைகள் என்பர். இஸ்லாமிய சட்டவியல் பற்றி 1988இல் தனிநூலே எழுதிய பேரறிஞர்க்கு இவை புதியனவல்ல. தனியுரிமை பற்றிய 1983ஆம் ஆண்டு நூல், அணைக்கட்டுத் தீர்ப்பைப் போல, இம்மண்ணின் சான்றுகளின்மேல் எழுப்பப்பட்டிருக்குமாயின், அது மேல்நாட்டுச் சரக்கு என்று தள்ளுவார்க்கு வாய் அடைத்துப்போயிருக்கும்.

ஆயினும் நம் மரபைப் புகழ்வதில் அளவு வேண்டும். கிடுகு வேலி கண்ணை மறைத்தது, காதை மறைக்கவில்லை. ஊர் அறியாத செய்தி ஊரில் இருந்ததில்லை. அவ்வேலிக்குள்ளே அடிபட்ட பெண்ணின் அழுகையை, அது அவர்கள் வீட்டு விடயம் என்று சொல்லிக் கடந்து போனதும் நாமே. 'அந்தரங்கம்' என்னும் சொல்லே நம் பேச்சில் வெட்கத்துக்குரிய இரகசியம் என்ற சாயலைப் பெற்றுவிட்டது. தனியுரிமையோ மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கும் உரியது. சோதனைக்கு வாங்கிய குருதியின் முடிவும், மாணவன் பெற்ற புள்ளியும், ஒரு தாயின் கடன் கணக்கும் வெட்கத்துக்குரியவை அல்ல. ஆனால் அவை யாரிடம் கூறப்பட்டனவோ அவரோடு நிற்கவேண்டியவை. வகுப்புப் புள்ளிப் பட்டியலை வட்ஸ்அப் குழுவிலே பெற்றோர் அனைவர்க்கும் ஒருசேர அனுப்பும் வழக்கம் ஆசிரியராகிய நம்மவரிடையே பரவி வருகின்றது. கடைசி இலக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தாய் அன்றிரவு அக்குழுவில் என்ன எழுதுவாள்?

'துயிலும் காவலர்' நடையழகால் நிற்கும் நூலன்று. ஓர் அதிகாரத்தில் கணனி, மற்றொன்றில் மருத்துவம், பிறிதொன்றில் அணுசக்தி என அது பரந்து செல்வதால், எதிலும் ஆழ நிற்க நேரமில்லாத பயணிபோல வாசகன் தவிப்பதும் உண்டு. 1983இன் கணனிகளைப் பற்றிய பகுதிகள் பழமைப்பட்டுவிட்டன; இது தவிர்க்கவியலாதது. இன்று நாம் கைப்பேசியைத் தொடுந்தோறும் நாமே விரும்பி ஒப்படைக்கும் செய்திகளின் அளவை அந்நூல் கனவிலும் கண்டிராது. ஆனால் சட்டத்துறையினரை அவர் கேட்ட கேள்வி பழமைப்படவில்லை. கல்லூரி மாணவர் இந்நூலைக் கையிலெடுப்பதாயின் முதலில் 1997ஆம் ஆண்டுத் தனிக்கருத்தைப் படித்துவிட்டு, அதன்பின் இதற்கு வருவது நலம். இவ்வறிஞர் தம் முழு வலிமையோடு எழுதினால் எவ்வாறு இருக்கும் என்பது அதிலே தெரியும், இதிலே எழுதாது விட்ட அதிகாரம் எது என்பதும் அப்பொழுதே புலப்படும்.